மிளகாய் பஜ்ஜி அடுப்பும் எரியும் முகமும்

கேள்வி: எனக்கு 43 வயது. அம்பாசமுத்திரத்தில் நானும் வீட்டுக்காரரும் சாயங்காலம் வடை, பஜ்ஜிக் கடை போடுகிறோம். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது நான்தான். நாலைந்து வருஷமாகவே கன்னமும் மூக்கும் திடீரென்று சூடேறும், அரை மணி நேரத்தில் தணியும். இப்போது தணிவதே இல்லை. மிளகாய்ப் பொடியை அப்பியது போல எரிகிறது. நடுநடுவே சின்னச் சின்னப் பருக்கள். நாலு மாதமாகக் கண்ணிலும் மண் விழுந்த மாதிரி உறுத்தல். மெடிக்கலில் கொடுத்த ஒரு டியூபை மூணு வருஷமாகப் போடுகிறேன். போட்டால் ரெண்டு நாளில் அடங்கும். நிறுத்தினால் மூணாம் நாள் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். போன வருஷத்திலிருந்து பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். மதினி, கல்லீரலில் கோளாறு என்கிறாள். அத்தை, "உனக்குச் சூட்டு உடம்புட்டி, குத்தாலத்துல போயி நாலு நாள் அருவியில நில்லு" என்கிறாள். ரத்தம் சுத்தியாக ஒரு டானிக் குடித்தும் பார்த்துவிட்டேன். எங்கம்மாவுக்கும் மூக்கு இப்படித்தான் இருந்தது. ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உள்ளே உண்மையில் என்னதான் நடக்கிறது? கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கல்லீரல் பேச்சை முடித்துவிடுவோம். கல்லீரல் கெட்டால் கண் மஞ்சளாகும், உடம்பு முழுக்க அரிப்பு வரும், கால் வீங்கும். கன்னத்தையும் மூக்கையும் மட்டும் தேர்ந்தெடுத்து எரிய வைக்கிற வேலையை அது செய்யாது. ரத்தமும் கெட்டுப்போகவில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்ய ரெண்டு சிறுநீரகம் சம்பளம் கேட்காமல் ராப்பகலாக உழைக்கின்றன. டானிக்கை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது ரோசேசியா என்கிற தோல் அழற்சியாகத்தான் இருக்க வேண்டும். அதன் மேலே அந்த டியூப் தன் பங்குக்கு இன்னொரு நோயைப் பூசியிருக்கிறது. இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து, தொட்டு, கேட்டுத்தான் சொல்ல முடியும்.

"எனக்கு முகம் சிவக்கவே இல்லையே" என்று பல பேர் கேட்பார்கள். பாடப் புத்தகங்களில் ரோசேசியா என்று போட்டிருக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரர் முகங்கள். தக்காளி மாதிரி சிவப்பு அதில் பளிச்சென்று தெரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு மங்கிப்போய், லேசாகக் கருத்த மாதிரியோ செம்பு நிறம் ஏறிய மாதிரியோதான் இருக்கும். அதனால் கண்ணாடி சொல்வதைவிடத் தோல் உணர்வதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். சூடு, எரிச்சல், ஊசி குத்தல், எந்த கிரீம் போட்டாலும் காந்துவது, இவையெல்லாம் முக்கியமான தடயங்கள். பருவை உற்றுப் பாருங்கள். சாதாரண முகப்பருவில் கரும்புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் கலந்து இருக்கும். ரோசேசியாவின் பருவில் அவை இருக்காது. கண் உறுத்தலும் இதே நோயின் பகுதியாக இருக்கலாம். முகத்தைக் காட்ட வருகிறவர்கள் கண்ணைப் பற்றி வாயைத் திறப்பதே இல்லை. நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

நம் தோலின் மேலடுக்குச் செல்கள் கிருமிகளைக் கொல்வதற்கென்று ஒரு புரதத்தைத் தயாரித்து வைத்திருக்கின்றன. அதன் பெயர் கேத்தலிசிடின். முழுப் புரதமாக இருக்கும்போது அது சாது. காலிக்ரீன் 5 என்ற நொதி அதை வெட்டினால் எல்.எல். 37 என்ற சின்னத் துண்டு கிடைக்கும். அதுதான் ஆயுதம். கிருமியைக் கொல்வதோடு நிற்காமல் ரத்தக் குழாய்களை விரிக்கும், புதுக் குழாய்களை முளைக்க வைக்கும், அழற்சி செல்களைக் கூப்பிட்டுச் சேர்க்கும். காயம் பட்ட இடத்தில் இதெல்லாம் தேவைதான். ரோசேசியா உள்ளவர்களின் முகத்திலோ, காயமே இல்லாதபோதும் கேத்தலிசிடினும் அதை வெட்டும் நொதியும் எக்கச்சக்கமாக இருக்கின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று 2007-ல் இதைக் கண்டுபிடித்தது. எலியின் தோலில் இந்தத் துண்டுகளைச் செலுத்தியபோது அங்கேயும் சிவப்பும் அழற்சியும் வந்தன. இந்த நோயைப் பற்றிய பேச்சே அதற்கப்புறம் மாறிவிட்டது.

இந்த நொதியைக் கிளப்பிவிடுவது எது என்று கேட்டால், செல்லின் மேல் உட்கார்ந்து வெளி ஆபத்தை மோப்பம் பிடிக்கும் ஓர் ஏற்பி. டி.எல்.ஆர். 2 என்பார்கள். ரோசேசியாத் தோலில் இது கூடுதலாக இருக்கிறது. இலை அசைந்தாலும் குரைத்துத் தெருவையே எழுப்பிவிடுகிற நாய் மாதிரி, வெயில், காற்று, சோப்பு என்று மற்றவர் தோல் கண்டுகொள்ளாத விஷயத்துக்கெல்லாம் இது சத்தம் போடும்.

அடுத்தது நரம்பு. உங்கள் தொழிலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தோலில் வந்து முடியும் நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.வி. 1 என்று ஒரு வாசல் இருக்கிறது. சாதாரணமாகச் சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால்தான் அது திறக்கும். திறந்தால் "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி போகும். கூடவே நரம்பு நுனியிலிருந்து சில ரசாயனங்கள் கசிந்து பக்கத்து ரத்தக் குழாய்களை விரிக்கும். வேடிக்கை என்னவென்றால், மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினும் இதே வாசலைத்தான் திறக்கிறது. டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியின் குழு 1997-ல் இந்த வாசலைக் கண்டுபிடித்ததே கேப்சைசினை வைத்துத்தான். 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதனால் "மிளகாய்ப் பொடியை அப்பியது போல" என்று நீங்கள் எழுதியது வெறும் உவமை இல்லை, உடல் அறிவியல்படியே சரி.

ரோசேசியா வந்த தோலில் இந்த வகை வாசல்கள் கூடுதலாக இருக்கின்றன. அழற்சி உள்ள இடத்தில் அவை 43 டிகிரி வரை காத்திருப்பதும் இல்லை, அதற்குக் கீழேயே திறந்துகொள்ளும். இப்போது உங்கள் கடையை நினைத்துப் பாருங்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி, அதிலிருந்து எழும் மிளகாய் நெடி, முகத்துக்கு நேரே சாயங்கால வெயில். இந்த வாசலைத் திறக்க இதைவிடப் பொருத்தமான இடத்தை யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. ஆக, உங்கள் அத்தை சொன்னதில் பாதி சரி. சூடுதான் கிளப்புகிறது. ஆனால் அது உடம்புக்குள் ஊறும் சூடு இல்லை, வெளியிலிருந்து படுகிற சூடு.

மூன்றாவது ஆளைச் சொன்னால் அருவருப்பாக இருக்கும், பரவாயில்லை. டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய சிலந்திப் பூச்சி. எட்டுக் கால், அரை மில்லிமீட்டர்கூட நீளம் இல்லை. மயிர்க்கால்களுக்குள் தலைகீழாகப் புதைந்து வாழும். உங்களிடம் மட்டும் இல்லை, இதை எழுதும் என் முகத்திலும் இருக்கும். வளர்ந்த மனிதர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. அழுக்கால் வருவதில்லை. ரோசேசியாவில் இதன் எண்ணிக்கை பல மடங்கு பெருகியிருக்கும். அதன் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளை டி.எல்.ஆர். 2 மோப்பம் பிடித்துக் கூச்சல் போடும். பூச்சி பெருகியதால் அழற்சியா, அழற்சி வந்த தோல் பூச்சிக்கு வசதியானதா என்று மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது என் கருத்து. பூச்சியைக் குறைக்கும் ஐவர்மெக்டின் 1 சதவீத கிரீம் பலருக்கு நன்றாகவே கேட்கிறது.

வெயில் தனியாக ஒரு வேலை செய்கிறது. புற ஊதாக் கதிர் தோலில் வைட்டமின் டி-யைத் தயாரிக்க வைக்கும், அந்த வைட்டமின் கேத்தலிசிடினின் உற்பத்தியைக் கூட்டும். மற்றவர்களுக்கு அது பாதுகாப்பு, உங்கள் முகத்துக்கு அது தொந்தரவு. (கை, காலில் வெயில் படட்டும், முகத்தை மட்டும் காப்பாற்றுங்கள்.) ஆனி, ஆடியில் சாரல் காற்று குளுகுளுவென்று அடிக்கும்போதும் சிலருக்கு எரிவது இன்னொரு காரணத்தால். ரோசேசியாத் தோலின் மேலடுக்கால் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாது. காற்று அதை இன்னும் உலர்த்திவிடும். குடல், வயிற்றுக் கிருமி என்றெல்லாமும் ஆராய்ச்சிகள் உண்டு. முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருப்பதால் அதற்காகச் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

இனி அந்த டியூப். பெயர் எழுதவில்லை என்றாலும், ரெண்டு நாளில் அடங்கி மூணாம் நாள் கிளம்புகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒன்று. சில டியூப்களில் நிறம் வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்கும், நோய் எதிர்ப்புச் செல்களின் வாயை அடைக்கும். அதனால் ரெண்டு நாளில் முகம் தெளிந்த மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதம் போல மெலியும், பூச்சி தட்டிக் கேட்க ஆளில்லாமல் பெருகும், டி.எல்.ஆர். 2-உம் கூடும். நிறுத்திய உடனே சுருங்கிக் கிடந்த குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விரியும். நீங்கள் அதை நோய் திரும்பி வந்ததாக நினைத்து மறுபடி டியூபைப் பிதுக்குகிறீர்கள். மூணு வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் முகத்தில் வரும் நாள்பட்ட அழற்சிக்கு நான் குற்றம் சாட்டும் முதல் ஆள் இந்த டியூப்தான், அடுப்பு இல்லை. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. இருந்தும் கல்யாணத்துக்கு முன்னால் முகம் வெளுக்கணும் என்று கேட்டால் இன்றும் கவுண்டரில் சுலபமாகக் கிடைக்கிறது. கொடுப்பவரும் நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார்.

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் டியூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூணு வருஷம் போட்ட பிறகு படக்கென்று நிறுத்தினால் முகம் வீங்கி, கொப்பளித்து, வெளியே தலைகாட்ட முடியாமல் ஆகலாம். தோல் மருத்துவர் பார்த்து, வீரியம் குறைந்ததற்கு மாற்றியோ, ஸ்டீராய்டு இல்லாத அழற்சி மருந்தை இடையில் கொடுத்தோ இறக்கிவிடுவார். அப்போதும் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தோல் பிரிவு அங்கேயே உண்டு. அம்பையிலிருந்து ஒரு காலை வேளைப் பயணம்.

அங்கே வேறு சில நோய்கள் இல்லை என்பதையும் உறுதிப்படுத்துவார்கள். மூட்டு வலி, வாய்ப்புண், காய்ச்சல், முடி கொட்டுதல் சேர்ந்து இருந்தால் லூப்பஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய்) பற்றி யோசிக்க வேண்டும். காது மடல் தடித்திருந்தாலோ, உடம்பில் எங்காவது உணர்ச்சி குறைந்த படை இருந்தாலோ தொழுநோய்க்கும் பார்க்க வேண்டும். பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், அது முழுமையாகக் குணமாகக் கூடியது, அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். தலைச்சாய ஒவ்வாமையும் முகத்தில் இப்படி விளையாடும்.

பிரஷர் மாத்திரை என்ன பெயர் என்று பாருங்கள். ஆம்லோடிபின் என்றால் சிலருக்கு அதுவே முகத்தில் சூட்டைக் கிளப்பும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு. நீங்களாக நிறுத்தினால் முகத்துக்கு வந்தது தலைக்கு வந்துவிடும். உங்கள் வயதில் மாதவிலக்கு நிற்கப் போகும் காலத்துச் சூட்டு அலைகளும் இதோடு கலக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

மருந்துகளைப் பொறுத்தவரை, அசெலாயிக் அமிலம், மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின் ஆகியவை பூசுவதற்கு. உள்ளுக்கு டாக்ஸிசைக்ளின். கடைசியாகச் சொன்னதைக் கிருமிக்கொல்லி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ரோசேசியாவில் 40 மில்லிகிராம் என்ற குறைந்த அளவிலேயே வேலை செய்யும், அந்த அளவு கிருமியைக் கொல்லப் போதாது. கேத்தலிசிடினை வெட்டும் நொதி கிளம்புவதைத் தடுப்பதால்தான் அது கேட்கிறது. அசெலாயிக் அமிலமும் அதே நொதியைக் குறைக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் முழுப் பலன் தெரிய. ரெண்டு நாளில் அடக்கும் டியூபுக்குப் பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்புதான் கடினம். இந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போகாதீர்கள், மறுபடி அதே கதைதான்.

கடையை மூடச் சொல்ல மாட்டேன். அடுப்பை மேற்கு வெயில் முகத்தில் அடிக்காதபடி திருப்பி வைக்க முடியுமா பாருங்கள். ஒரு மேசை விசிறியை உங்கள் பக்கவாட்டில் வைத்து ஆவியும் நெடியும் முகத்துக்கு வராமல் தள்ளிவிடுங்கள், நேரே முகத்தில் அடிக்க வேண்டாம். நீளக் கரண்டி வாங்குங்கள், குனிந்து எட்டிப் பார்ப்பது குறையும். மிளகாய் பஜ்ஜி ஈடு வரும்போது மட்டும் வீட்டுக்காரர் சட்டி முன்னால் நிற்கட்டும், நீங்கள் கல்லாவைப் பாருங்கள். சூடேறத் தொடங்கினால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்ளுங்கள், முகத்தில் தேய்க்க வேண்டாம். முகத்துக்குக் கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சை, பற்பசை எதுவும் கூடாது. பச்சைத் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, வாசனை இல்லாத ஈரப்பசைக் கிரீம் போடுங்கள். பகலில் துத்தநாக ஆக்ஸைடு கலந்த வெயில் காப்புக் கிரீம், அது பெரும்பாலும் எரிச்சல் தராது. கூடவே சேலைத் தலைப்பு.

சாப்பாட்டில் எல்லோருக்கும் ஒரே விதி கிடையாது. எதைச் சாப்பிட்டால் கிளம்புகிறது என்று ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். காரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வருத்தம் வேண்டாம், சொதிக் குழம்பு இருக்கும் ஊரில் பிறந்திருக்கிறீர்கள். பச்சை மிளகாயை மட்டும் அளவாகப் போடுங்கள். கருப்பட்டிக் காபியையும் விட வேண்டியதில்லை, கொஞ்சம் ஆறட்டும். சூடான காபி, ஆறிய காபி இரண்டையும் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வில் முகத்தைச் சிவக்க வைத்தது சூடுதான், காபி இல்லை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண் செவிலியர்களை வருஷக்கணக்கில் கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்விலோ, காபி அதிகம் குடித்தவர்களுக்கு ரோசேசியா குறைவாகவே வந்திருந்தது. அதற்காக மருந்தாகக் குடிக்க வேண்டாம்.

குற்றாலத்துக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். தண்ணீரில் நிற்கும்வரை சுகமாக இருக்கும், நோயை அது ஒன்றும் செய்யாது. முகத்தை நேராக அருவிக்குக் கொடுக்காதீர்கள். வெளியே வந்ததும் காற்று காயவைக்கும் முன்பே ஈரப்பசைக் கிரீமைப் போடுங்கள். குளித்த குளிருக்குக் கடையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி என்று யாராவது நீட்டினால் உங்களுக்குத் தெரியும்.

கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு வரும் வறட்சிதான் பெரும்பாலும். வெதுவெதுப்பான துணியை மூடிய இமை மேல் மட்டும் சில நிமிடம் வைத்து, ஓரத்தை மெல்லத் துடைத்தால் இதமாக இருக்கும். வெளிச்சம் பட்டால் கண் கூசுவதோ, பார்வை மங்கலோ, வலியோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அரிதாகக் கருவிழியில் புண் வரும்.

அம்மாவின் மூக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இது குடும்பத்தில் வரும் தன்மை உள்ளதுதான். இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வில் பரம்பரைக்குப் பாதிப் பங்கு, சூழலுக்குப் பாதிப் பங்கு என்று வந்தது. மகளுக்கு வந்தே தீரும் என்று இல்லை. வெயில் காப்பும், சும்மா சும்மா முகத்தைத் தேய்க்காத பழக்கமும் அவளுக்கு இப்போதைக்குப் போதும். வீட்டில் கிடக்கிறதே என்று உங்கள் டியூபை எடுத்து ஒரு பருவுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாளா என்று மட்டும் இன்றே கேளுங்கள்.

ஐகிரவுண்டுக்குப் போகும்போது அந்த டியூப், பிரஷர் மாத்திரை அட்டை, முகம் மோசமாக இருந்த நாளில் போனில் எடுத்த படம் ஒன்று, மூன்றையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். டியூப் தீர்ந்திருந்தாலும் பரவாயில்லை, பெயரும் சதவீதமும் அதன் மேல் அச்சாகியிருக்கும். முகத்தில் அன்றைக்கு எதையும் பூசாமல் போங்கள், பவுடர்கூட.